நாட்டாமையின் ஊரில் போலீஸ் ஸ்டேஷன் எங்கே?

'டைட்டானிக்' படத்தின் கடைசியில் ரோஸ் மிதந்துகொண்டிருக்கும் அந்தப் பலகையில் ஜாக்கும் ஏறியிருக்கலாமே என்று உலகம் 25 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. தொல்லை தாங்காமல் ஜேம்ஸ் கேமரூன் 2023இல் ஓர் ஆவணப்படத்துக்காக ஓர் ஆணையும் பெண்ணையும் குளிர்ந்த தண்ணீரில் இறக்கி, அதே மாதிரிப் பலகையைக் கொடுத்துச் சோதித்தே பார்த்துவிட்டார். நம் ஊரிலும் இந்த ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை. அதே ஆண்டு 'லியோ' வந்தபோது அதன் ஃப்ளாஷ்பேக் உண்மையா பொய்யா என்று சண்டை நடந்தது. அந்தக் கதையைச் சொல்லும் பாத்திரம் பொய் சொல்லியிருக்கலாம் என்று லோகேஷ் கனகராஜே பேட்டி கொடுக்க, சண்டை இன்னும் கொஞ்சம் நீண்டது. துப்பாக்கியில் எத்தனை குண்டு, காருக்குள் ஏறும்போது நீலமாக இருந்த சட்டை இறங்கும்போது எப்படிக் கறுப்பானது, வில்லனின் கையில் போன் இருந்தும் ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்றெல்லாம் கணக்கெடுக்க யூடியூபில் தனிச் சேனல்களே உண்டு.

நானும் இவற்றை விரும்பிப் பார்ப்பவள்தான். படம் பார்த்துவிட்டு வந்து ஓட்டை தேடுவது ஒரு நல்ல பழக்கம். திரையில் வருவதையெல்லாம் நம்பிவிடாத ஒரு மனம் அதில் வேலை செய்கிறது. என் சந்தேகம் வேறு. இவ்வளவு கூர்மையாகப் பார்க்கிற நமக்கு, ஒரு குறிப்பிட்ட வகை ஓட்டை மட்டும் ஏன் ஓட்டையாகவே தெரிவதில்லை?

அதே 'டைட்டானிக்'கை எடுத்துக்கொள்வோம். ரோஸின் அம்மா ஏன் ஜாக்கை வெறுக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அவன் வைத்திருப்பது மூன்றாம் வகுப்பு டிக்கெட். கப்பலின் ஒவ்வொரு தளத்திலும் வகுப்பு எழுதி ஒட்டியிருக்கிறது. கப்பல் மூழ்கும்போது கீழ்த்தளத்துப் பயணிகளின் முன்னால் கதவு பூட்டிக் கிடப்பதையும் படம் காட்டுகிறது. தன் கதையை நகர்த்துவது எது என்பதை அந்தப் படம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நம் வெகுசன சினிமா அப்படிச் செய்வதில்லை. நம் படங்களில் மனிதர்கள் வெட்டிக்கொள்கிறார்கள், ஊரைவிட்டு ஒதுக்குகிறார்கள், பெற்ற மகளைக் கொல்லத் துரத்துகிறார்கள். எதற்காக என்று கேட்டால் கௌரவம் என்கிறார்கள், மானம் என்கிறார்கள், குடும்பப் பகை என்கிறார்கள், அந்தஸ்து என்கிறார்கள். அந்தச் சொற்களை வைத்து மட்டும் கதையைப் படித்துப் பாருங்கள், நூறு இடத்தில் ஒட்டாது. அந்த இடங்களில் சாதி என்ற ஒரு சொல்லைப் போட்டுப் படித்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிடும். திரைக்கதை எழுதியவருக்கு இது தெரியாமல் விடுபட்டது என்று நான் நினைக்கவில்லை. பார்ப்பவர்கள் எப்படியும் மனதுக்குள் நிரப்பிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

1994 தீபாவளிக்கு வந்த 'நாட்டாமை'யைப் பாருங்கள். இன்றும் அதன் தீர்ப்புக் காட்சி மீமாகச் சுற்றுகிறது. ஒருவன் ஒரு பெண்ணைப் பாலியல் வல்லுறவு செய்துவிடுகிறான். அவனே அவளைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்றும், அவன் குடும்பத்தை ஊர் 18 வருடம் ஒதுக்கிவைக்க வேண்டும் என்றும் நாட்டாமை தீர்ப்புச் சொல்கிறார். அந்தக் கோபத்தில் நாட்டாமை சுட்டுக் கொல்லப்படுகிறார். அடுத்து அவருடைய மகன் நாட்டாமை ஆகிறார். அந்த மகனின் தம்பி மேல் கொலைப் பழி விழுகிறது. அதற்கும் ஊர்ப் பஞ்சாயத்தில்தான் தீர்ப்பு, பத்து வருட ஊர்விலக்கம். பிறகு உண்மை தெரிகிறது. தவறாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டோம் என்ற அதிர்ச்சியில் அண்ணன் உயிரை விடுகிறார். தம்பி நாட்டாமை ஆகிறார்.

இதில் ஒரு வல்லுறவு, ஒரு துப்பாக்கிச் சூடு, ஒரு கொலைப் பழி இருக்கின்றன. கதையின் திருப்பங்களில் ஒன்றாவது போலீஸ் ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ நடப்பதில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணிடம், இவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்க வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அந்தத் தீர்ப்பு யாருக்குத் தண்டனை? இவையெல்லாம்கூடப் பலர் கேட்டவைதான். நான் கேட்பது இன்னும் சாதாரணமான கேள்வி. அந்த மனிதரை நாட்டாமை ஆக்கியது யார்? எப்போது தேர்தல் நடந்தது? அப்பாவுக்குப் பிறகு மகன், அண்ணனுக்குப் பிறகு தம்பி என்று பதவி ஒரே வீட்டுக்குள் சுற்றுகிறதே, அந்த ஊரில் வேறு வீடுகள் இல்லையா? தீர்ப்பு நடக்கும் இடத்தில் கூட்டம் நிற்கிறது. அந்த ஊரின் சேரி எங்கே? அங்கிருந்து வந்தவர்கள் கூட்டத்தில் எந்தப் பக்கம் நிற்கிறார்கள்? கேமரா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

இது சினிமாதானே, கற்பனை ஊர்தானே என்று விட்டுவிடலாம், அந்த வருடத்தைக் கவனிக்காமல் இருந்தால். ஊராட்சித் தலைவர் பதவிகளில் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு தரும் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரலில். அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது 1994இல். அதாவது, ஊரின் தலைமைப் பதவி ஒரு வீட்டின் சொத்து இல்லை என்று சட்டம் சொன்ன அதே ஆண்டில்தான், அது ஒரு வீட்டின் சொத்துதான் என்று சொன்ன படத்தை நாம் வெள்ளிவிழாக் கொண்டாட்டமாகப் பார்த்தோம். மறு ஆண்டே அது தெலுங்கில் 'பெதராயுடு' ஆகி அங்கும் பெரிய வெற்றி பெற்றது.

திரைக்கு வெளியே என்ன நடந்தது? 1996இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பல தடைகளைத் தாண்டித் தேர்தலில் நின்று தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பேருந்தை மறித்து, உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டுகள் முறையான தேர்தலையே நடத்த முடியவில்லை. வேட்புமனு போட ஆள் வரமாட்டார்கள். வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா செய்யவைக்கப்பட்டார்கள். 2006இல்தான் அந்த நிலை மாறியது. படத்தில் யாருக்கும் தோன்றாத 'வேறு வீடுகள் இல்லையா' என்ற கேள்வியை நிஜத்தில் கேட்டவர்களுக்கு நேர்ந்தது இதுதான். நாட்டாமைக்கு யார் ஓட்டுப் போட்டார்கள் என்று பார்வையாளர் கேட்காததற்குக் காரணம் கவனக்குறைவு இல்லை. ஒரு நாட்டாமை எந்த மாதிரி வீட்டிலிருந்து வருவார் என்று திரையரங்கில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

'தேவர் மகன்' இதைவிட நுட்பமான படம். நன்றாக எழுதப்பட்ட திரைக்கதை என்று இன்றும் சினிமா வகுப்புகளில் பாடமாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும், அதன் காட்சி அமைப்பில் கற்றுக்கொள்ள நிறையவே இருக்கிறது. அதனால்தான் அதில் இருக்கும் ஓட்டையும் பாடமாக வேண்டும் என்கிறேன். லண்டனில் படித்துவிட்டு வந்த சக்தி, தன் காதலிக்குக் காட்டுவதற்காகப் பங்காளிச் சண்டையில் பூட்டிக் கிடக்கும் கோயிலைத் திறக்கவைக்கிறான். பூட்டை உடைப்பவன் வேலையாள் இசக்கி. கை போவதும் இசக்கிக்குத்தான். மருத்துவமனைப் படுக்கையில் அவன் தன் கை போனதையே வேடிக்கையாகப் பேசுகிறான். நாம் சிரித்துக்கொண்டே அழுகிறோம், சக்தியின் மனம் மாறத் தொடங்குகிறது, கதை மேலே போகிறது.

இசக்கி யார்? அவனுடைய வீடு எந்தத் தெருவில் இருக்கிறது? பூட்டை உடைத்த பிறகு அந்தக் கோயிலுக்குள் அவன் போக முடியுமா? இரண்டு பங்காளிக் குடும்பங்கள் மோதிக்கொள்ளும் ஊரில், இரண்டு பக்கமும் இல்லாத ஒருவனுடைய கை மட்டும் ஏன் முதலில் போகிறது? ஒரு தெற்கத்திக் கிராமத்தை இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள், அந்தக் கிராமத்தில் வேறு சாதியே இல்லாதது போல எழுதியிருக்கிறார்கள். 1992இல் இந்தக் கேள்வியை எந்த விமர்சகரும் லாஜிக் பிரச்சினையாகப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. பதில் வர 31 வருடம் ஆயிற்று. 2023 ஜூனில் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் எதிரே அமர்ந்திருக்க, 'தேவர் மகன்' தன்னை எவ்வளவு அலைக்கழித்தது என்று மாரி செல்வராஜ் பேசினார். அந்தப் படத்தின் இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்றார். இசக்கியாக நடித்த அதே வடிவேலுதான் மாமன்னன். ஒரு படத்தின் ஓட்டைக்குள்ளிருந்து இன்னொரு படம் எழுந்து வந்ததற்குத் தமிழில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பாத்திரங்களின் சாதியைச் சொல்லாமலேயே ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துவிட முடிவதற்கு ஒரு காரணம் நம் இயக்க வரலாற்றிலேயே இருக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது பெருமளவு நடைமுறைக்கும் வந்தது. இந்திப் படத்தில் பாத்திரத்தின் பெயரைச் சொன்னாலே சாதியும் சேர்ந்து வந்துவிடும். நம் நாயகன் வெறும் சிவா, வெறும் கதிர், வெறும் கார்த்திக். இது நம் வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வெற்றியைத் தமிழ் சினிமா தனக்குச் சௌகரியமான முக்காடாக மாற்றிக்கொண்டது. நாயகனுக்குப் பெருமை சேர்க்க வேண்டிய இடத்தில் பட்டம் தலைப்பிலேயே வந்து உட்கார்ந்துவிடும்: 'தேவர் மகன்', 'சின்ன கவுண்டர்'. சண்டையின் காரணத்தைச் சொல்ல வேண்டிய இடம் வந்தால் மட்டும் எல்லோரும் திடீரென்று சாதியற்ற தமிழர்கள்.

காதல் படங்களில் இந்த முக்காட்டுக்குப் பெயர் பணம். பெண் பணக்கார வீடு, பையன் ஏழை. ஏன் எப்போதும் பணம்? நான் கண்டுகொண்ட காரணம் எளிமையானது: பணத்தை ஒரு பாட்டில் சம்பாதித்துவிடலாம். 'அண்ணாமலை'யில் பால்காரர் ஒரு பாட்டு முடிவதற்குள் ஓட்டல் அதிபர் ஆகிவிடுகிறார். லாஜிக் இடிக்கிறதே என்று நாமும் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுகிறோம். தடை பணமாக இருந்தால் கிளைமாக்ஸில் அதை நீக்கலாம், மாமனார் கட்டிப்பிடிப்பார், சுபம். தடை சாதி என்று சொல்லிவிட்டால் எந்தப் பாட்டும் உதவாது. திரைக்கதைக்கு வழியே இல்லாமல் போய்விடும்.

சாதியை எடுத்துவிட்டால் கதைக்கு என்ன ஆகும் என்பதற்கு நாம் ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணெதிரே ஒரு பரிசோதனையே நடந்திருக்கிறது. 2016 ஏப்ரலில் நாகராஜ் மஞ்சுளேயின் 'சைராட்' வந்தது. அதுவரை வந்த மராத்திப் படங்களிலேயே அதிகம் வசூலித்த படம். ஆர்ச்சி, செல்வாக்கான பாட்டீல் குடும்பத்துப் பெண். பர்ஷ்யா, மீன் பிடிப்பவரின் மகன், பார்தி சாதி. அதில் நீளமான சாதி வசனங்கள் ஏதும் கிடையாது. ஆனால் எல்லா இடத்திலும் சாதி இருக்கிறது. ஆர்ச்சியின் தம்பி பிரின்ஸ் வகுப்பறையில் ஆசிரியரையே அறைகிறான், யாராலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை. இருவரும் ஓடிப்போன பிறகு பர்ஷ்யாவின் அப்பா தன் சொந்தச் சாதிப் பஞ்சாயத்தின் முன்னால் நின்று, மகளை இனி யார் கட்டுவார்கள் என்று அழுது தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறார். எனக்கு அந்தப் படத்திலேயே தாங்க முடியாத காட்சி இதுதான், கடைசிக் காட்சிகூட இல்லை. சாதி மேலிருப்பவரின் திமிராக மட்டும் இல்லாமல், கீழிருக்கும் ஒருவர் தன்னையே அடித்துக்கொள்ளும் கையாகவும் இருக்கிறது என்பதை அந்தச் சில நொடிகள் காட்டிவிடுகின்றன. அதன் பிறகு, ஹைதராபாத்தில் குழந்தையோடு வாழும் அந்த வீட்டுக்குத் தம்பி பரிசுகளோடு வரும்போது, ஏன் வந்திருக்கிறான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு ஆண்டு கழித்து அதே கதை 'தடக்' என்று இந்தியில் வந்தது. சோலாப்பூர்ப் பக்கத்துக் கிராமம் உதய்ப்பூர் ஆயிற்று. பெண், அரண்மனை போன்ற வீட்டில் வாழும் தேர்தல் அரசியல்வாதியின் மகள். பையனின் அப்பா ஏரிக்கரையில் ரெஸ்டாரண்ட் நடத்துகிறார். அவர்கள் உயர்ந்த சாதி என்று பையனை எச்சரிக்கும் ஒரு வரி மட்டும் எங்கோ வந்து போகிறது. இங்கேதான் நிற்க வேண்டும். ஊரே வந்து உட்கார்ந்து சாப்பிடும் ரெஸ்டாரண்ட் நடத்தும் குடும்பம். இந்தியாவில் யார் சமைத்ததை யார் சாப்பிடுவார்கள் என்பதைவிடத் தெளிவான சாதி அடையாளம் உண்டா? அதைக்கூட யோசிக்காமல் எழுதிவிட்டார்கள், அல்லது நன்றாக யோசித்தே எழுதினார்கள். ஓடிப்போவது, தனிக்குடித்தனம், குழந்தை, தேடி வரும் சொந்தம் என்று கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. முடிவில் கொலை வரும்போது மட்டும் பார்ப்பவருக்குக் குழப்பம். இவ்வளவுக்கா கொல்வார்கள்? மூலப்படத்தில் யாருக்கும் எழாத கேள்வி அது.

'சைராட்' வெளியாவதற்கு ஏறக்குறைய ஏழு வாரம் முன்பு, 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தின் அருகே சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். கண்காணிப்பு கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. சங்கர் பொறியியல் படித்தவர். பார்த்தவர்களில் எவரும் கொலைக்கான காரணம் புரியவில்லையே என்று கேட்கவில்லை. நிஜத்தில் எல்லோருக்கும் உடனே புரிகிற காரணம், திரையில் மட்டும் சொல்லப்படாமல் போய்விடுகிறது.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். எல்லாவற்றையும் போட்டு உடைத்துச் சொன்னால் அது கலையா, குறிப்பால் உணர்த்துவதுதானே அழகு என்று நண்பர்களே என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். அழகுதான். ஆனால் குறிப்பு என்றால் அது இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். நாயகனின் மீசையில், வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தில், திருவிழாவின் முதல் மரியாதையில் குறிப்பு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, அவன் வீட்டு வேலையாள் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதற்கு ஒரு குறிப்பு வைக்க மட்டும் தெரியாமல் போவது எப்படி? இதற்காக எல்லா ஓட்டையும் சாதி என்று சொல்ல மாட்டேன். பாதி ஓட்டைகள் அவசரத்தில் எழுதியதால் வருகின்றன, மீதியில் கால்வாசி கதாநாயகனின் கால்ஷீட்டால்.

பார்வையாளருக்குக் குறிப்புகளைப் படிக்கத் தெரியாது என்றும் யாரும் சொல்ல முடியாது. 2021இல் 'ஜெய் பீம்' வந்தபோது, சித்திரவதை செய்யும் காவல் அதிகாரியின் வீட்டுச் சுவரில் சில நொடிகள் வந்து போன ஒரு காலண்டரை வைத்து எவ்வளவு பெரிய பிரச்சினை எழுந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அதிலிருந்த அக்கினிக் குண்டம் வன்னியர்களின் அடையாளம் என்று எதிர்ப்பு வந்தது. படக்குழு அதை மாற்றி லட்சுமி படம் போட்ட காலண்டரை வைத்தது. ஆக, பின்னணியில் மங்கலாகத் தொங்கும் காலண்டரிலிருந்துகூடச் சாதியைப் படிக்கும் கண் நம்மிடம் இருக்கிறது. கொடுமைக்காரன் மேல் அந்த அடையாளம் விழுந்தால் அது அவதூறு. அதே மாதிரி அடையாளங்கள் நாயகன் மேல் விழுந்த நூறு படங்களில் அதற்குப் பெயர் மண்வாசனை.

'மாமன்னன்' விஷயத்தில் நடந்தது இன்னும் விநோதம். பகத் பாசில் நடித்த ரத்னவேலு என்ன சாதி என்று படம் பெயர் சொல்லவில்லை. படம் ஓடிடிக்கு வந்த சில நாளில் ரத்னவேலுவின் காட்சிகளை வெட்டி ஒட்டி, சாதிப் பெருமைப் பாட்டுகளைப் பின்னணியில் போட்டு, வீடியோக்கள் குவிந்தன. ஒரு சாதியின் பாட்டு மட்டும் இல்லை. வெவ்வேறு ஆதிக்கச் சாதி இளைஞர்கள் ஆளுக்கொரு பாட்டைப் போட்டு, அவன் எங்கள் ஆள் என்று உரிமை கொண்டாடினார்கள். நாயைக்கூட அடித்துக் கொல்லும் ஒரு கொடூரனை! காலியாக விட்ட இடத்தை நிரப்ப அவர்களுக்குச் சில நிமிடங்கள் போதுமானதாக இருந்தது. சொல்லாமல் விட்டால் சாதி மறைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அந்த வீடியோக்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, சாதியைச் சொல்லும் படங்களிடம் மட்டும் நாம் வக்கீல் மாதிரி லாஜிக் கேட்கிறோம். 'கர்ணன்' வந்தபோது வந்த கேள்விகளை நினைத்துப் பாருங்கள். ஓர் ஊருக்குப் பேருந்து நிற்காமல் போகுமா? பெயர் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு போலீஸ் அதிகாரி பெரியவர்களை அடிப்பாரா? துரியோதனன் என்று ஒரு தலித் கிழவருக்குப் பெயர் இருப்பது ஏன் அந்த அதிகாரியை அவ்வளவு உறுத்துகிறது? எனக்கு அந்தப் படத்திலேயே நன்றாக எழுதப்பட்ட நோக்கம் என்றால் அந்த அதிகாரியுடையதுதான். தலை குனியாமல் நிற்பவனின் பெயரே அவருக்கு எதிர்ப்பாகக் கேட்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் புகுந்த போலீஸ் படை வீடு வீடாகச் சூறையாடியதை அறிந்தவர்களுக்கு அதில் மிகை எதுவும் தெரியாது.

'கர்ணன்' படத்தில் உண்மையிலேயே ஒரு லாஜிக் ஓட்டை உண்டு. அது திரைக்கதையில் இல்லை, வருடத்தில். கொடியங்குளம் நடந்தது அதிமுக ஆட்சியில். படத்தில் 1997 என்று போட்டிருந்தார்கள், திமுக ஆட்சிக் காலம். உதயநிதி ஸ்டாலின் அதைச் சுட்டிக்காட்ட, 90களின் பிற்பகுதி என்று மாற்றினார்கள். மாற்றிய பிறகும் அது அதே ஆட்சிக் காலத்தில்தான் விழுகிறது. சரி, ஆட்சிகளுக்கு இடையே அந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் கட்சிகளுக்கு இருக்கிறது. அடிவாங்கிய ஊருக்கு எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக 'பரியேறும் பெருமாள்'. அந்தப் படத்தைப் பற்றி நான் அதிகம் கேட்ட கேள்வி இரண்டு. ஒன்று, அந்தக் கொலைகாரக் கிழவர். கூலிக்காரர் மாதிரி இல்லை, ஏதோ கடமை போல இளைஞர்களையும் பெண்களையும் கொன்றுகொண்டே போகிறார். பரியனைக் கொல்ல முடியாமல் போனதும் தண்டவாளத்தில் போய்ப் படுத்துவிடுகிறார். இது என்ன பாத்திரம், எதற்காகச் சாகிறார் என்கிறார்கள். பணமோ பகையோ இல்லாமல் கொல்பவனைத்தான் நமக்குப் புரியவில்லை. சொந்த லாபம் எதுவும் இல்லாத ஒருவன் சாதிக்காகக் கொல்வான், தோற்றால் அதற்காகவே சாவான் என்பதை ஏற்றுக்கொள்ள மனம் வருவதில்லை.

இரண்டாவது கேள்வி ஜோ. அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளே கூப்பிட்டு வந்த பரியனை, அவளுடைய சொந்தக்காரர்கள் ஓர் அறையில் போட்டு அடித்து, அவன் மேல் சிறுநீர் கழிக்கிறார்கள். அவளுக்குத் தெரியாது. அவன் சொல்வதும் இல்லை. படம் முழுக்கச் சொல்வதில்லை. திருநெல்வேலியில் வளர்ந்து சட்டம் படிக்க வந்த பெண்ணுக்கு இவ்வளவு கூடவா தெரியாது என்று கேட்பவர்கள் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு. ஜோவை அவ்வளவு கள்ளமற்றவளாக எழுதியது மாரி செல்வராஜ் செய்த சலுகை என்றே நினைக்கிறேன். அவளுக்கு லேசாகத் தெரிந்திருந்தால், தெரிந்தும் தெரியாதது மாதிரி இருந்திருந்தால், படம் இன்னும் கடினமாக, இன்னும் நேர்மையாக இருந்திருக்கும்.

பரியன் சொல்லாமல் இருப்பதில் ஓட்டை எதுவும் இல்லை. சொன்னால் அவள் அழுவாள். அப்பாவிடம் சண்டை போடுவாள். அதன் பிறகு அடி யாருக்கு விழும் என்று அவனுக்குத் தெரியும். வகுப்பில், விடுதியில், ஆராய்ச்சி மாணவர்களின் அறையில், தனக்கு நடந்ததை நெருங்கிய தோழியிடம்கூடச் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் அந்த மௌனம் புரியும். ஏன் சொல்லவில்லை என்று அவர்களிடம்தான் கேட்கிறோம்; நீ ஏன் கேட்கவில்லை என்று ஜோக்களிடம் கேட்பதில்லை.

படம் முடியும்போது மேசையில் இரண்டு டீ கிளாஸ்கள், ஒன்றில் பால் டீ, இன்னொன்றில் பால் ஊற்றாத டீ, நடுவில் ஒரு பூ. ஜோவின் அப்பா பேசுகிறார், பரியன் பேசுகிறான். கல்யாண மண்டபத்தில் அந்த அறைக்குள் நடந்தது என்ன என்று மட்டும் ஜோவுக்கு அப்போதும் தெரியாது.